வேலி தாண்டிய கற்றாழை: எது எந்தச் செடி, எப்போது வெட்டுவது?

திண்டுக்கல் மாவட்டத்தின் வடக்கே ஒரு மானாவாரிக் கிராமம். ஓடைக்கு மேலே அண்ணன் காடு மூன்று ஏக்கர், கீழே சித்தப்பா மகனின் காடு இரண்டரை ஏக்கர். மேல் காட்டின் வடக்கு எல்லையில் தாத்தா காலத்தில் நட்ட கற்றாழை வேலி. இரண்டு தலைமுறையாக மாடு நுழையாமல் காத்த வேலி அது. ஒரு வருடம் அந்த வரிசை முழுக்கக் கம்பம் விட்டது. அடுத்த வருடம் வரப்பு, பாறை, நடைபாதை என்று எங்கு பார்த்தாலும் கன்று. மூன்றாவது வருடம் கடலை விதைக்க ஏர் போன இடத்தில் முப்பது சென்ட் குறைந்திருந்தது.

அண்ணன் ஜே.சி.பி. கொண்டுவந்தார். அரை நாளில் வேலி முழுவதையும் பெயர்த்து, பள்ளமாக இருக்கட்டுமே என்று ஓடைக்கரையில் குவித்துவிட்டுப் போனது வண்டி. வேலை முடிந்ததாகத்தான் நினைத்தார்கள். ஐப்பசி மழைக்கு ஓடை ஓடியது. தை மாதம் தம்பி வந்து வாசலில் நின்றார்: "அண்ணே, உங்க வேலி இப்ப என் காட்டுல முளைச்சிருக்கு. வந்து பாருங்க." ஓடையின் இரு கரையிலும், கீழ்க்காட்டின் கடலைக்குள்ளும் விரல் நீளக் கன்றுகள். மேல் காட்டிலோ பெயர்த்த வரிசையில் பழைய வேர்க்கட்டைகளின் பக்கத்திலிருந்து புதிய குருத்துகள். இரண்டு வீட்டுக்கும் ஏழெட்டு மாதம் பேச்சு இல்லை.

இந்தச் சண்டை அந்த ஒரு ஊரில் மட்டும் நடப்பதில்லை. கரூர், திண்டுக்கல், தர்மபுரி, திருநெல்வேலி என்று கரடும் மேடுமான மானாவாரி நிலம் உள்ள இடங்களில் கற்றாழை வேலி பழக்கமானது. அதை வைத்தது தவறில்லை. செடி எது என்று தெரியாமலும், எந்த நேரத்தில் தொட வேண்டும் என்று தெரியாமலும் கை வைப்பதுதான் செலவை இரட்டிப்பாக்குகிறது.

பெயரை விட்டுவிட்டு ஓரத்தையும் நுனியையும் பாருங்கள்

ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை, சீமைக் கற்றாழை, நார்க்கற்றாழை என்று பெயர்கள் பல. ஒரு ஊரில் ஆனைக்கற்றாழை என்பதைப் பக்கத்து ஊரில் ரயில் கற்றாழை என்பார்கள். ரயில் பாதை ஓரம் கால்நடை நுழையாதிருக்க வேலியாக நட்டதால் வந்த பெயர் அது. அங்கே நட்டதும் ஒரே இனம் அல்ல. ஆகவே பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முதிர்ந்த இலையின் ஓரத்தைப் பாருங்கள், நுனியைப் பாருங்கள், பிறகு இலையை ஒடித்து இழுத்துப் பாருங்கள்.

இலை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், ஓரம் முழுக்கக் கொக்கி போன்ற பலமான முள்ளோடு, நுனியில் கோணி ஊசி போன்ற முள்ளோடு இருந்தால் அது அகேவ் அமெரிக்கானா. தடித்த, அகலமான இலை. சில இலைகள் பாதியில் மடிந்து தொங்கும். மஞ்சள் கோடு போட்ட ரகத்தைப் பூங்காக்களில் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே இனம்தான். பத்து வருடத்திற்கு மேல், சில இடங்களில் இருபது முப்பது வருடம் கூட, பூக்காமல் நிற்கும்.

இலை கரும்பச்சையாக, வாள் போல நேராக, மூன்று முதல் ஐந்து அடி நீளத்தில், ஓரம் வழவழப்பாக, நுனியில் மட்டும் ஓர் அங்குலக் கறுப்பு முள்ளோடு இருந்தால் அது சிசால், நூல் பெயர் அகேவ் சிசலானா. நார் தோட்டங்களில் வளர்ப்பது இதைத்தான். இதில் ஒரு குழப்பம் உண்டு. இளம் கன்றின் ஓரத்தில் சிறு பற்கள் இருக்கும். செடி முதிரும்போது அவை மறைந்துவிடும். கன்றை மட்டும் பார்த்து இது முள் கற்றாழை என்று முடிவு கட்டியவர்கள் நிறைய. எப்போதும் தாய்ச்செடியின் வெளி இலையைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

சிசாலைவிட இலை ஒடுங்கி, மெலிந்து, ஓரம் முழுக்கச் சிறிய கொக்கி முள் இருந்தால் அது அகேவ் கன்டாலா. பழைய வேலிகளில் நிறைய இருப்பது. மாட்டுக் கயிற்றுக்கு நார் உரித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நான்காவது, பலரும் சிசால் என்று ஏமாறுவது: ஃபர்கிரியா. இலை வெளிர்ப் பச்சை, அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, ஆள் நீளம் வரை வளரும். ஓரத்தில் முள் இல்லை, இருந்தாலும் அடிப்பக்கம் மட்டும் ஒன்றிரண்டு. நுனியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், குத்தாது. சிசாலுக்கும் இதற்கும் உள்ள நல்ல அடையாளம் அதுதான். இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வரும். மொரீஷியஸ் சணல் என்று வியாபாரப் பெயர். ஆனால் மொரீஷியஸுக்கும் அது வந்தேறிதான். கரீபியன் தீவுகளும் தென் அமெரிக்காவின் வடபகுதியும்தான் அதன் பிறந்த இடம். மேலே சொன்ன மற்ற மூன்றின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்.

வெட்டக் கூடாதவை

வெளியேற்ற வேண்டியதைத் தெரிந்துகொள்வது பாதி வேலை. விட்டு வைக்க வேண்டியதைத் தெரிந்துகொள்வது மீதி. கற்றாழை ஒழிப்பு என்று ஆட்களைக் காட்டுக்குள் விட்டால் அவர்கள் கண்ணில் பட்ட நீள இலையை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

மருள் நம் மண்ணின் செடி. புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் கொத்தாக நிற்கும். இலையில் முள்ளே இல்லை, கரும்பச்சையில் குறுக்குக் கோடுகள் ஓடும், உட்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். தொட்டியில் வளர்க்கும் பாம்புக் கற்றாழையின் உறவு. முற்காலத்தில் வில்லுக்கு நாண் முறுக்கியது இதன் நாரில்தான். இது பூத்துச் சாவதும் இல்லை, நிலத்தைப் பிடிப்பதும் இல்லை. இதைத் தொட வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருவராவது சிசால் இலையை அறுத்துத் தலையில் தேய்த்துவிட்டு அரிப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். சந்தேகம் வந்தால் இலையை ஒடித்து இரண்டு பக்கமும் இழுங்கள். சோற்றுக்கற்றாழை வழவழ சோற்றோடு துண்டாகிவிடும். மஞ்சள் பால் வடியும். நார்ச் செடி துண்டாகாது, வெள்ளை நூல்கள் இழுபடும். நூல் வந்தால் அதை உடம்பில் தேய்க்கக் கூடாது.

ஓடையோரத் தாழையும் சில நேரம் மாட்டிக்கொள்கிறது. அதற்குத் தாங்கு வேர்கள் உண்டு, இலையின் ஓரத்தோடு அடிப்பக்க நடு நரம்பிலும் முள் வரிசை உண்டு. கரையைப் பிடித்து நிற்கும் மரம் அது, அதையும் விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் நட்ட வேலி

கற்றாழை வாழ்நாளில் ஒரு முறை பூக்கும், பூத்ததும் சாகும். சிசாலுக்குப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து வருடம். அதற்குள் இருநூறுக்கு மேல் இலை விட்டு, சேர்த்த சத்து முழுவதையும் ஒரே தண்டாக உயர்த்திவிடும். இதைத்தான் கம்பம் விடுதல் என்கிறார்கள். பதினைந்து இருபது அடி போகும்.

இதில் விவசாயிகள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வேலியை ஒரே பட்டத்தில், ஒரே வயதுக் கன்றுகளால் நடுகிறோம். அதனால் அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் கம்பம் விடுகின்றன. பல வருடம் சொன்ன பேச்சைக் கேட்டு நின்ற வேலி, இரண்டு மூன்று வருடத்திற்குள் மொத்தமாகக் கட்டு மீறுவது இதனால்தான். "இத்தனை வருசம் ஒண்ணும் செய்யலியே" என்று அந்த அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அவர் வேலிக்கு அதுவரை வயது வரவில்லை.

சிசால் கம்பத்தில் பூ உதிர்ந்த பிறகு, பூக்காம்புகளின் கணுவில் குட்டிக் கன்றுகள் முளைக்கும். விதை அல்ல, ஏழெட்டு இலையோடு முழுச் செடியாகவே தாயின் மேல் வளர்ந்து, விரல் நீளம் வந்ததும் உதிரும். ஒரு கம்பத்தில் ஆயிரத்துக்கும் குறையாது, இரண்டாயிரம் கூட இருக்கும். சிசால் விதை பிடிப்பது மிக அரிது. அதற்கு அவசியமும் இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். வேலியில் ஐந்தே செடி கம்பம் விட்டு, ஒன்றுக்கு ஆயிரம் கன்று உதிர்ந்து, நூற்றில் ஒன்று மட்டும் வேர் பிடித்தாலும், வருட முடிவில் புதிதாக ஐம்பது செடி. உதிர்ந்த கன்று வெயிலில் பாறை மேல் மாதக் கணக்கில் கிடந்தும் ஈரம் கண்டதும் வேர் விடும். சரிவில் உருளும், மழை வெள்ளத்தில் மிதக்கும்.

இதே பெருக்கம்தான் ஒரு காலத்தில் ஒரு நாட்டின் வருமானமாகவும் ஆனது. 1893ல் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானிய வேளாண் அறிஞர் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து ஆயிரம் சிசால் கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரவழைத்தார். கப்பல் பயணத்தில் பிழைத்தவை 62. இன்றைய தான்சானியாவின் சிசால் தோட்டங்கள் அந்த 62 கன்றுகளிலிருந்து பெருகியவை. 1960களில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் நார் எடுத்து உலகில் முதலிடத்தில் இருந்தது அந்த நாடு. பிறகு நைலான், பிளாஸ்டிக் கயிறு வந்தது, தோட்டங்கள் சரிந்தன. இன்னொரு பக்கம், தென்னாப்பிரிக்காவில் சிசால் இன்று பரவும் அந்நியச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. அனுமதி பெற்றுத்தான் அங்கே வளர்க்க முடியும்.

நம் ஊரிலும் கதை அதுதான். மூக்கணாங்கயிறு, தும்பு, கட்டில் கயிறு எல்லாம் கற்றாழை நாரில் திரித்த காலத்தில் வருடா வருடம் இலை அறுத்தார்கள், பக்கக் கன்றைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டார்கள், இளம் கம்பத்தைக் கூரைக்கும் பந்தலுக்கும் வெட்டினார்கள். யாரும் களை எடுப்பதாக நினைக்கவில்லை. சந்தையில் பத்து ரூபாய்க்கு நைலான் கயிறு கிடைக்க ஆரம்பித்ததும் வேலிப் பக்கம் போகிற வேலை நின்றது. செடி நிற்கவில்லை.

எந்தச் செடிக்கு எந்த வேலை

இனத்தை அடையாளம் காணச் சொல்வது படிப்புக்காக அல்ல. ஒவ்வொன்றும் பரவும் வழி வேறு, ஆகவே செய்யும் வேலையும் வேறு.

ஃபர்கிரியா பக்கக் கன்று விடுவது அரிது. கம்பத்துக் கன்றுதான் அதன் ஒரே பெரிய வழி. ஆகவே கம்பத்தை நேரத்தில் வெட்டிவிட்டால் அதன் பரவலை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். தாய்ச்செடியை நிதானமாகத் தோண்டிக்கொள்ளலாம்.

அகேவ் அமெரிக்கானா அதற்கு நேர் எதிர். மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓடவிட்டு, ஐந்தாறு அடி தள்ளிக் கூடக் கன்று கிளப்பும். கம்பத்தில் மஞ்சள் பூ பூத்து, காய் வெடித்துக் கறுப்பு விதையும் சிதறும். இதற்குக் கம்பத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடித்தண்டோடு போராட வேண்டும். சிசாலும் கன்டாலாவும் இரண்டு வழியிலும் வரும்.

கம்பம் எப்போது வெட்ட வேண்டும்? நடுக்குருத்து இலைகள் குட்டையாகிச் சிறுத்தால் அடுத்தது கம்பம் என்று அர்த்தம். மூங்கில் குருத்து போலத் தலை நீட்டும். சில வாரங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். கை எட்டும் உயரத்தில் இருக்கும்போதே வெட்டுங்கள். தொரட்டி தேவைப்படும் உயரம் என்றால் ஏற்கெனவே தாமதம். பூ உதிர்ந்த பிறகு வெட்டிச் சாய்த்தால் அது வெட்டாததற்குச் சமம். தண்டில் சேர்ந்த சத்தைக் கொண்டே, தரையில் கிடந்தபடியே கன்றுகள் முதிர்ந்துவிடும். அந்த நிலையில் வெட்ட நேர்ந்தால் கீழே தார்ப்பாய் விரித்து, கன்றுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். கம்பம் வெட்டிய செடி பிழைக்காது, ஆனால் சாவதற்குள் அடிக்கட்டையிலும் வெட்டுவாயிலும் கன்று விடப் பார்க்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு பார்வை தேவை.

அமாவாசைக்கு ஒரு முறை வேலியை ஒரு நடை நடந்து வந்தால் ஒரு கம்பமும் தப்பாது. ஒரு ஏக்கர் காட்டின் நான்கு பக்கமும் கால் மணி நேர நடை.

தோண்டும் முறை

முதலில் கை, கண். இலைச் சாற்றில் ஊசி போன்ற நுண்படிகங்கள் உண்டு. தோலில் பட்டால் அரித்துத் தடிக்கும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இறங்கக் கூடாது. இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. குனிந்து வெட்டும்போது கண் உயரத்தில் நிற்பது அந்த நுனி முள்தான். எல்லா இலையின் நுனியையும் ஒரு சாண் நறுக்கிவிட்டுப் பிறகு உள்ளே கை நீட்டுங்கள். முள் கண்ணிலோ மூட்டிலோ இறங்கினால் கைவைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சிறு கன்றுகளை மழை பெய்த மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் நெம்பி எடுங்கள். வேர் மேலாகத்தான் ஓடும், எளிதில் வந்துவிடும். காய்ந்த மண்ணில் இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். அடிக்குருத்து உள்ளேயே தங்கும்.

பெரிய செடிக்கு வெளி இலைகளைச் சுற்றிலும் அறுத்துவிட்டு, மண்ணைக் கொத்தி, அன்னாசிப் பழம் போல இருக்கும் அடிக்கட்டையைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிப் புரட்டுங்கள். அதிலிருந்து பக்கவாட்டில் ஓடும் கிடைத்தண்டுகள் விரல் தடிமனில், ஓர் அடிக்குள்ளான ஆழத்தில்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போய்க் கன்றோடு எடுக்க வேண்டும். பெரிய வேலிக்கு ஜே.சி.பி. வேண்டாம் என்பதில்லை. அது பெயர்க்கட்டும், பின்னாலேயே நான்கு ஆட்கள் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். ரோட்டவேட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். கணு உள்ள ஒவ்வொரு கிடைத்தண்டுத் துண்டும் ஒரு கன்று.

பெயர்த்ததை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். ஓடை, குளக்கரை, சாலை ஓரம், புறம்போக்கு எதுவும் கூடாது. அடிக்கட்டையை நெடுக்காகப் பிளந்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி, வெறும் பாறை மேலோ களத்து மேட்டிலோ வெயிலில் பரப்புங்கள். பச்சையாகத் தீ வைத்தால் எரியாது. அவ்வளவு நீர் அதில். ஒரு முழுக் கோடை காய்ந்தால்தான் உயிர் போகும். இடையில் ஒரு மழை வந்தால் மறுபடி புரட்டிப் போட வேண்டும். குட்டிக் கன்றுகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கட்டி மூடி வெயிலில் போட்டால் வெந்து அழுகிவிடும்.

மருந்து அடித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. இலையின் மேல் மெழுகுப் படலம். தெளித்த மருந்து வழிந்து ஓடும். பக்கத்துக் கடலை கருகும், கற்றாழை நிற்கும். கிளைபோசேட் பயன்பாட்டுக்கு 2022ல் மத்திய அரசு கட்டுப்பாடும் அறிவித்திருக்கிறது. சிறு நிலத்துக்குக் கடப்பாரைதான் மலிவு. உப்பு, டீசல் ஊற்றுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். கற்றாழை செத்தாலும் அந்த இடத்தில் பிறகு புல்லும் வராது.

வேலி வேண்டும் என்பவர்களுக்கு

எல்லோரும் பிடுங்க வேண்டும் என்பதில்லை. காட்டுப்பன்றியும் ஆடும் தொல்லை தரும் இடத்தில், கம்பி வேலி போட வசதியில்லாத குடும்பத்துக்குக் கற்றாழை வேலி இன்னும் உதவிதான். ஒரே வரிசையாக அதை நிறுத்தி வைக்கலாம். வேலியின் உட்பக்கம் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் போல வெட்டி, வருடம் ஒரு முறை தூர் வாருங்கள். கிடைத்தண்டு அதைத் தாண்டாது. கம்பத்தைத் தலை நீட்டும்போதே வெட்டுங்கள். ஓடை, கரடு, புறம்போக்கை ஒட்டிய எல்லையில் மட்டும் கற்றாழையே வேண்டாம். கரட்டில் அது பாறை இடுக்குப் புல்லை அமுக்கிவிட்டால் ஆடு மேய்க்கிற குடும்பங்களின் மேய்ச்சல் போய்விடும்.

எடுத்த இடத்தில் வேறு வேலிக்கு, காங்கயம் பகுதிக் கொறங்காடுகளில் வைத்திருக்கும் முள்கிளுவையைப் பார்க்கலாம். போத்து நட்டால் போதும், ஆடு இலையைத் தின்னும், பரவித் தொல்லை தராது. ஊடே கொழுக்கட்டைப் புல் விதைத்தால், வெறும் மண்ணில் கற்றாழைக் கன்று திரும்ப ஒட்டிக்கொள்வதும் குறையும்.

வாசகர் கேள்விகள்

ஒரு கம்பெனி ஆட்கள் வந்து சிசால் கன்று தருகிறோம், ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வரும் என்கிறார்கள். நம்பலாமா?

சிசால் நல்ல பயிர்தான். ஒடிசாவின் பாம்ராவில் மத்திய அரசின் சிசால் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பச்சை இலையில் நார் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். ஒரு டன் இலை அறுத்தால் முப்பது, நாற்பது கிலோ உலர் நார். நட்டு முதல் அறுவடைக்கு இரண்டரை, மூன்று வருடம். அறுத்த இலையை ஒன்றிரண்டு நாளுக்குள் இயந்திரத்தில் சீவ வேண்டும், வாடினால் நார் பிரியாது. ஆகவே கன்று யார் தருகிறார் என்பதைவிட, இலை அறுத்த அன்றைக்கு இயந்திரம் எங்கே இருக்கிறது, நாரை யார் எந்த விலைக்கு எடுக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் கொண்டுவரும் கன்றின் தாய்ச்செடி இலை நுனியையும் தொட்டுப் பாருங்கள். குத்தவில்லை என்றால் அது சிசால் அல்ல.

பழைய முறைப்படி இலையைக் குளத்தில் ஊற வைத்து நார் எடுக்கலாமா?

பொதுக் குளத்தில் கூடாது. அழுகும் இலைச் சாறு மீனைக் கொல்லும், மாடு குடிக்கும் தண்ணீரையும் கெடுக்கும். வீட்டளவுக்கு என்றால் தனித் தொட்டி. அழுகிய சக்கையைச் சாணத்தோடு குவித்து மக்க வைத்து எருவாக்கலாம்.

புறம்போக்கில் பரவியிருக்கிறது. நாங்களே வெட்டலாமா?

ஊராட்சியிடம் சொல்லி, கிராம சபையில் வைத்துச் செய்வது நல்லது. வனத்துறை நிலம் என்றால் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு இலையையும் தொட வேண்டாம். வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே ஒரு கம்பத்தை விட்டு வைத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

ஒரு முறை தோண்டினால் முடிந்துவிடுமா?

முடியாது. குறைந்தது மூன்று வருடம், மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்க்க வேண்டும். முதல் வருடம் பத்து ஆள் வேலை என்றால் மூன்றாம் வருடம் ஒரு ஆளின் காலை வேலையாகக் குறையும். நடுவில் ஒரு வருடம் விட்டால் பழைய கணக்குக்கே போய்விடும்.

அந்த இரண்டு பங்காளிகளும் இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கிறார்கள். கார்த்திகை ஈரத்தில் அண்ணன் வீட்டு ஆட்களே ஓடையின் தலைப்பிலிருந்து இறங்கி, தம்பி காடு வரை கன்று பொறுக்கினார்கள். பெயர்த்த கட்டைகள் மேல் காட்டுப் பாறையில் வேர் மேலாகக் காய்கின்றன. தம்பி இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் ஓடைக்கு அக்கரையில் ஒரு கம்பம் தலை நீட்டியதை முதலில் பார்த்துச் சொல்லி அனுப்பியது அவர்தான். இடுப்பு உயரத்தில் வெட்டியாகிவிட்டது.